சான்று கேட்ட மருத்துவர்: ஆர்ச்சி காக்ரேன்

விடுதியில் நம் நண்பர் ஒருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அறைக்குள் நுழையும் ஒவ்வொருவரும் ஒரு மருந்து சொல்வர். ஒருவர் கஷாயம் என்பார். ஒருவர் மாத்திரை என்பார். இன்னொருவர், ஊரில் தம் மாமாவுக்கு ஊசி ஒன்று போட்டவுடன் காய்ச்சல் பறந்துவிட்டது என்பார். படுத்திருப்பவரோ எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். யார் சொல்வதைக் கேட்பது? வயதில் மூத்தவர் சொல்வதையா? பட்டம் பெற்றவர் சொல்வதையா? உரக்கச் சொல்பவர் சொல்வதையா?

இது விடுதி அறையின் சிக்கல் மட்டும் அன்று. மருத்துவ உலகம் முழுவதற்குமே நெடுங்காலமாக இருந்துவந்த சிக்கல். பெரிய மருத்துவர் சொன்னார், பேராசிரியர் சொன்னார், நூலில் எழுதியிருக்கிறது என்பவையே அறிவுரைக்கு ஆதாரமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில், சொல்வது யார் என்று கேளாமல், சொல்வதற்குச் சான்று என்ன என்று கேட்டவர் ஒருவர். அந்தச் சான்று எவ்வளவு வலிமை உடையது என்றும் கேட்டார். பிறரை மட்டும் அல்லாமல் தம்மையும் கேட்டார். அவரே ஆர்ச்சிபால்டு லீமன் காக்ரேன். ஆர்ச்சி காக்ரேன் என்று உலகம் அவரை அழைக்கிறது. மருத்துவம் பயிலும் நண்பர்களுக்கு இப்பெயர் பழக்கமானதே. ஆனால், பெயரை அறிந்த அளவுக்கு அம்மனிதரை நாம் அறிந்தோமா? இல்லை என்பதாலேயே இக்கட்டுரை எழுந்தது.

இளமை

காக்ரேன் 1909-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் கேலஷீல்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். கம்பளித் துணி நெய்து செல்வம் சேர்த்த குடும்பம் அவருடையது. செல்வம் இருந்தும் துயரம் வாயிலில் வந்து நின்றது. முதல் உலகப் போரில் 1917-ஆம் ஆண்டு காசாவில் நடந்த சண்டையில் தந்தை மாண்டார். அப்போது சிறுவனுக்கு வயது எட்டு.

தந்தையை இழந்த சிறுவன் படிப்பில் சிறந்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்று 1930-இல் முதல் வகுப்பில் தேறினார். ஆராய்ச்சிக்கூடத்தில் சிறிது காலம் வேலை செய்தார். அவ்வேளையில் அவருக்கு உடல்நலக் குறை ஒன்று இருந்தது. மருத்துவர் பலரிடம் காட்டியும் தீரவில்லை. உள்ளத்தை ஆராய்ந்து நோய் தீர்க்கும் உளப்பகுப்பு முறை அப்போது ஐரோப்பாவில் பெரும்புகழ் பெற்றிருந்தது. தியடோர் ரெய்க் என்னும் அறிஞரை நாடிச் சென்றார் காக்ரேன். ரெய்க் யூதர். இட்லரின் ஆட்சி வளர வளர அவர் பெர்லினை விட்டு வியன்னாவுக்கும், பின்னர் ஆலந்து நாட்டின் ஹேக் நகருக்கும் சென்றார். காக்ரேனும் உடன் சென்றார்.

இந்தப் பயணத்தில் அவர் பெற்றவை மூன்று. ஒன்று, செருமன் மொழியில் நல்ல தேர்ச்சி. இரண்டு, பாசிசத்தின்மீது தீராத வெறுப்பு. மூன்று, அளந்து பார்க்காத கொள்கைகளின்மீது ஆழ்ந்த ஐயம். நோய் தீரவில்லை, ஐயம் மட்டும் நிலைத்தது. அந்த ஐயமே பின்னாளில் பல உயிர்களைக் காக்கும் மருந்தாயிற்று எனலாம்.

ஒரு சொல்லின் பெருமை

1934-இல் இலண்டனில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். அந்நாளில் எல்லார்க்கும் இலவச மருத்துவம் வேண்டும் என்று கேட்டு ஊர்வலம் ஒன்று நடந்தது. மாணவர் காக்ரேனும் அட்டை ஏந்திச் சென்றார். ஆனால், அவர் எழுதிய வாசகத்தில் ஒரு சொல் கூடுதலாக இருந்தது. மருத்துவம் அனைத்தும் இலவசமாக வேண்டும் என்று அவர் எழுதவில்லை. பயன் தரும் மருத்துவம் அனைத்தும் இலவசமாக வேண்டும் என்று எழுதினார். இந்த ஒரு சொல்லை யாரும் பொருட்படுத்தவில்லை. கட்சிக்காரர்கள் சிலர் அதில் குற்றமும் கண்டனர். காக்ரேனின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்கு எழுதிய விரிவுரைதான். பயன் தருவது எது? பயன் தருகிறது என்று எப்படி அறிவது?

1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, குடியரசுப் படைக்கு உதவிய மருத்துவக் குழுவில் சேர்ந்து புறப்பட்டார் அவர். காயம்பட்டு வந்தவர்களுள் யாரை முதலில் கவனிப்பது, யாரைக் காக்க இயலாது என்று பிரித்து அனுப்பும் கொடிய வேலை அந்த இளைஞர் தோளில் விழுந்தது. 1937-இல் திரும்பி வந்து, மறு ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார்.

சிறைமுகாமில் ஒரு சோதனை

இரண்டாம் உலகப் போர் வந்தது. படை மருத்துவராகச் சென்ற காக்ரேன் 1941-இல் கிரீட் தீவில் செருமானியரிடம் சிறைப்பட்டார். சலோனிகா நகரில் இருந்த கைதிகள் முகாமுக்கு அவரைக் கொண்டுசென்றனர். செருமன் மொழி அறிந்தவர் என்பதால் மருத்துவப் பொறுப்பு அவரிடம் வந்தது. முகாமில் ஏறத்தாழ 20,000 கைதிகள். பல நாள்கள் அத்தனை பேருக்கும் அவர் ஒருவரே மருத்துவர். நாளொன்றுக்குக் கிடைத்த உணவு ஏறத்தாழ 600 கலோரி. நம் விடுதி உணவைக் குறை கூறும் நாம் இந்த எண்ணைச் சற்று நினைத்துப் பார்த்தல் நன்று. வளர்ந்த ஆடவருக்கு வேண்டியதில் அது மூன்றில் ஒரு பங்கும் தேறாது. மஞ்சள் காமாலை, தொண்டை அடைப்பான், குடற்காய்ச்சல் எல்லாம் முகாமில் உலவின. கையிருப்பு மருந்தோ ஆஸ்பிரினும் இன்னும் சில எளிய பொருள்களுமே.

கைதிகளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. வீக்கம் முழங்காலுக்கு மேலும் ஏறியது. காக்ரேனுக்கும் கால் வீங்கியது. உயிர்ச்சத்து குறைந்ததால் வரும் பெரிபெரி நோய் என்று அவர் ஐயுற்றார். அப்போது, தாம் படித்த ஒரு பழைய செய்தி அவர் நினைவுக்கு வந்தது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பற்படை மருத்துவர், ஸ்கர்வி நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவர் விரைவில் தேறினர். சிறைமுகாமிலும் அவ்வாறு ஒரு சோதனை செய்தால் என்ன?

கள்ளச் சந்தையில் சிறிது ஈஸ்ட் வாங்கினார். கால் வீங்கிய இளைஞர் 20 பேரைத் தேர்ந்து, ஒற்றைப்படை எண்காரரை ஓர் அறையிலும் இரட்டைப்படை எண்காரரை மற்றோர் அறையிலும் இருத்தினார். ஓர் அறைக்கு ஈஸ்ட். மற்றதற்குத் தாம் காத்துவைத்திருந்த உயிர்ச்சத்து சி மாத்திரை. நான்காம் நாள் ஈஸ்ட் உண்ட அறையில் பெரும்பாலோர் தேறியிருந்தனர். மற்ற அறையில் மாற்றம் இல்லை. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, வீங்கிய கால்களோடு செருமன் அதிகாரிகளிடம் சென்றார். உதவி வராவிடில் நிகழப்போவதை எடுத்துரைத்தார். பகைவராயினும் அவர்கள் அந்தக் கணக்கைக் கண்டு அசைந்தனர். ஈஸ்ட் வந்தது, உணவும் சற்றே கூடியது, வீக்கம் தணிந்தது.

இதை வேறு ஒருவர் செய்திருந்தால் வாழ்நாளெல்லாம் மார்தட்டியிருப்பார். காக்ரேனோ 1984-இல் இந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதியபோது, தம்முடைய சோதனைகளுள் இதுவே முதலாவது, இதுவே மிக மோசமானது, இதுவே மிகுந்த வெற்றி கண்டது என்றார். ஆட்கள் மிகச் சிலர். நாள்கள் மிகச் சில. பிரித்த முறையும் செம்மையானது அன்று. அளந்த முறையும் அவ்வாறே. விளைவு நன்மையாக முடிந்தது என்பதற்காகச் சான்று வலிமையானது என்று சொல்லிவிடக் கூடாது. தம் வெற்றிக்குத் தாமே குறைந்த மதிப்பெண் இட்டுக்கொண்ட மாணவரை நீங்கள் கண்டதுண்டா? இவரைக் காணுங்கள்.

அந்த முகாமில் தொற்றுநோய்களால் நூற்றுக்கணக்கானோர் மாள்வர் என்று அவர் அஞ்சியிருந்தார். ஆனால் மாண்டவர் நால்வர். அவர்களுள் மூவர் காவலர் துப்பாக்கிக்கு இரையானவர். தம் மருத்துவத்தால் மற்றவர் பிழைத்தனர் என்று அவர் எண்ணவில்லை. மனித உடலே தன்னைத் தேற்றிக்கொண்டது என்றே முடிவு செய்தார். மருத்துவர் செய்வதால் நோயாளி தேறுகிறாரா, மருத்துவர் செய்தும் தேறுகிறாரா என்ற கேள்வி அன்றே அவர் நெஞ்சில் முளைவிட்டது.

உரிமை எதற்கு?

பின்னர் அவரைச் செருமனியில் இருந்த முகாம்களுக்கு மாற்றினர். எல்ஸ்டர்ஹோர்ஸ்ட் முகாமில் காசநோய்க் கைதிகளைக் கவனிக்கும் பொறுப்பு வந்தது. அந்நாளில் காசநோய்க்கு மருந்து இல்லை. படுக்கையில் கிடத்துவது, நெஞ்சுக்குள் காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருங்கச் செய்வது, விலா எலும்புகளை அறுத்தெடுப்பது என்று பல முறைகள் இருந்தன. எதையும் தேர்ந்து செய்ய அவருக்கு முழு உரிமை இருந்தது, தடுப்பார் இல்லை. ஆனால் எது நன்மை செய்யும், எது கொல்லும் என்பது அவருக்குத் தெரியாது. அன்று உலகில் யாருக்குமே தெரியாது. அந்த வேளையில் மருத்துவர்தம் உரிமையைப் போற்றும் சிறு வெளியீடு ஒன்று அவர் கைக்கு வந்தது. அதைப் படித்து அவர் கசந்துபோனார். சிறிது அறிவு கிடைக்குமானால் இந்த உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கலாமே என்று ஏங்கினார். தேவையற்ற சிகிச்சையால் தம் நண்பர் சிலரைத் தாமே கொன்றிருக்கக்கூடும் என்ற எண்ணம் வாழ்நாள் முழுவதும் அவரை வருத்தியது.

அதே முகாமில் மற்றொரு நிகழ்ச்சி. ஒருநாள் இரவு சோவியத் படைவீரர் ஒருவரைக் கொண்டுவந்து போட்டனர். சாகும் தறுவாயில் இருந்த அவர் ஓயாமல் அலறினார். வலியைத் தணிக்க மார்பின் இல்லை; ஆஸ்பிரின் கேட்கவில்லை. அவர் மொழி அங்கு யாருக்கும் தெரியாது. செய்வதறியாத காக்ரேன் கட்டிலில் அமர்ந்து அவரைத் தம் கைகளில் அணைத்துக்கொண்டார். அலறல் நின்றது. சில மணி நேரத்தில் அந்த வீரர் அமைதியாக உயிர் நீத்தார். நோயைக் கணித்ததிலேயே தாம் தவறிவிட்டதாகக் காக்ரேன் பின்னர் வெட்கப்பட்டார். அலறியது நெஞ்சு வலியால் அன்று, தனிமையால். எண்களையும் கணக்கையும் கொண்டாடிய இம்மனிதர் இரக்கமற்றவர் என்று எவரேனும் கூறினால், இந்த இரவை அவர்களுக்கு நினைவூட்டுக.

குலுக்கல் தந்த நீதி

போர் முடிந்தது. இலண்டனில் பொதுச் சுகாதாரம் பயின்ற காக்ரேன், ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்னும் புள்ளியியல் பேராசிரியரின் சொற்பொழிவுகளைக் கேட்டார். முகாமில் தாம் தேடித் தவித்த வழி அங்கே கிடைத்தது.

அந்த வழி யாது? புதிய மருந்தை யாருக்குக் கொடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்தால், தேறக்கூடியவராகப் பார்த்துக் கொடுத்துவிடக்கூடும். அறிந்து செய்யாவிடினும் மனம் சாயும். ஆகவே குலுக்கிப்போட்டு முடிவு செய்ய வேண்டும். அப்போது இரு கூட்டத்தாரும் எல்லா வகையிலும் ஒத்தவராக அமைவர். பின்னர்த் தோன்றும் வேறுபாடு மருந்தால் வந்தது என்று துணிந்து சொல்லலாம். 1948-இல் வெளிவந்த ஸ்டிரெப்டோமைசின் சோதனை இவ்வழியில் நடந்த புகழ்பெற்ற முயற்சி. காசநோயாளர் 107 பேர். 55 பேருக்கு மருந்து, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றோருள் 4 பேரும், பெறாதோருள் 14 பேரும் இறந்தனர். எந்தப் பேராசிரியரின் கருத்தும் இந்தக் கணக்கின்முன் நிற்க முடியுமா?

நம் சென்னைக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. 1956-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கின. நோயாளர் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரை மருத்துவ விடுதியிலும், மறு சாராரை அவர்தம் வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். விடுதியில் நல்ல உணவு, ஓய்வு, காற்றோட்டம். வீட்டிலோ வறுமையும் நெருக்கடியும். எனினும், 1959-இல் முடிவு வெளியானபோது வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு தேறியிருந்தனர். உடன் வாழ்ந்தவர்க்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. மலையும் மருத்துவ விடுதியும் இன்றிக் காசநோய் தீராது என்ற நெடுநாள் நம்பிக்கை சென்னைத் தெருக்களில் தகர்ந்தது. ஏழை நாடுகள் அனைத்துக்கும் அது விடுதலையாயிற்று.

சுரங்கப் பள்ளத்தாக்கில்

1948-இல் காக்ரேன் வேல்ஸ் நாட்டுக்குச் சென்றார். நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டு மூச்சுத் திணறும் சுரங்கத் தொழிலாளரை ஆராயும் பணி. ரோண்டா பாக் என்னும் பள்ளத்தாக்கில் வீடு வீடாகச் சென்று எக்ஸ்ரே படம் எடுக்கச் செய்தார். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வந்தாலன்றி அவர் அமைதி அடைய மாட்டார். வராத சிலரிடமே உண்மை ஒளிந்திருக்கலாம் அல்லவா? ஆண்டுகள் பல கழித்தும் அதே மக்களைத் தேடிப்பிடித்து மீண்டும் ஆராய்ந்தார். 1960-இல் கார்டிப் நகரில் பேராசிரியராகவும் நோய்ப்பரவல் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராகவும் ஆனார்.

இடையில் அவருக்கே ஒரு சோதனை வந்தது. அக்குளில் தோன்றிய கட்டி ஒன்றை அறுவை மருத்துவர் ஒருவர் அகற்றினார். அக்குள் முழுவதும் புற்றுநோய் பரவியிருக்கிறது என்று சொல்லி, தசையையும் சேர்த்து அறுத்துவிட்டார். காக்ரேன் அதை அப்படியே நம்பினார்; வாழ்நாள் முடிந்தது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். பின்னர்த் திசுவை ஆராய்ந்த அறிக்கை வந்தது. அதில் புற்றுநோய் சிறிதும் இல்லை! உலகத்தையே சான்று கேட்ட மனிதர், தம் உயிர் பற்றிய செய்தியில் சான்று கேட்க மறந்தார். அறுத்தவரும் அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. உறுதியான குரல் எவ்வளவு வல்லது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

அந்த உறுதியான குரலை அவர் ஒருமுறை வேடிக்கையாகச் சோதித்தும் பார்த்தார். மாரடைப்பு வந்தவரை மருத்துவமனையின் தனிப் பிரிவில் வைப்பதா, வீட்டிலேயே வைத்துக் கவனிப்பதா என்று பிரிஸ்டல் வட்டாரத்தில் குலுக்கல் முறைச் சோதனை ஒன்று நடந்தது. முதல் கணக்கு வந்தபோது, வீட்டில் இருந்தோரில் இறப்பு சற்றே குறைவு; ஆயினும், அந்த வேறுபாட்டுக்குப் புள்ளியியல்படி மதிப்பு இல்லை. காக்ரேன் எண்களைத் தலைகீழாக மாற்றி எழுதிய தாள் ஒன்றை முதலில் இதயநோய் வல்லுநரிடம் காட்டினார். வீட்டில் வைப்பது அறநெறிக்கு மாறு, சோதனையை உடனே நிறுத்த வேண்டும் என்று அவர்கள் கொதித்தெழுந்தனர். அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு உண்மைத் தாளை நீட்டினார். மருத்துவமனைப் பிரிவை உடனே மூடச் சொல்வீர்களா என்று கேட்டார். அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. தம் தோழர்களை அவ்வாறு கண்டதில் காக்ரேனுக்கு மகிழ்ச்சி இல்லை; மனம் நொந்தார்.

1972-இல் அவர் எழுதிய பயனும் திறனும் பற்றிய சிறு நூல் வெளிவந்தது. நாட்டின் பணம் அளவானது; ஆகவே, பயன் உண்டு என்று முறையான சோதனையில் நிலைநாட்டியவற்றுக்கே முதலிடம் தர வேண்டும் என்பது அதன் சாரம். 1979-இல் இன்னும் ஒரு படி சென்றார். துறைதோறும் நடந்த குலுக்கல் முறைச் சோதனைகள் அனைத்தையும் திரட்டி, எடைபோட்டு, சுருக்கி, காலந்தோறும் புதுப்பிக்கும் ஏற்பாடு ஒன்றும் இல்லையே என்று தம் தொழிலையே குறை கூறினார். எல்லாத் துறைகளிலும் கடைசி இடத்துக்குரிய மரக்கரண்டியைப் பேறுகால மருத்துவத்துக்கு வழங்கினார்.

படிக்கட்டு

அதே 1979-இல் கனடா நாட்டில் ஒரு குழு இந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தது. சான்றுகளை அது படிக்கட்டாக அடுக்கியது. குலுக்கல் முறைச் சோதனை மேற்படி. மக்களைத் தொடர்ந்து நோக்கி ஒப்பிடும் ஆராய்ச்சி அடுத்த படி. இடத்தையும் காலத்தையும் ஒப்பிடுவது அதற்கும் கீழே. புகழ்பெற்ற வல்லுநரின் கருத்து கடைசிப் படி! அறிவுரைகளுக்கும் ஏ முதல் ஈ வரை ஐந்து தரம் இட்டது. செய்யலாம் என்பதற்கு நல்ல சான்று இருந்தால் ஏ. செய்யலாகாது என்பதற்கு நல்ல சான்று இருந்தால் ஈ. பல நூற்றாண்டுகளாக அரியணையில் இருந்த வல்லுநர் கருத்து தரையில் வந்து அமர்ந்தது.

2000-ஆம் ஆண்டு முதல் கிரேடு என்னும் அறிஞர் குழு இதை மேலும் செம்மை செய்தது. சான்றின் உறுதி வேறு, அறிவுரையின் வலிமை வேறு என்று அது பிரித்துக் காட்டியது. சான்றுக்கு உயர்வு, நடுத்தரம், தாழ்வு, மிகத் தாழ்வு என நான்கு நிலை; அறிவுரைக்கு வலியது, மெலியது என இரண்டு. குலுக்கல் முறைச் சோதனை என்றாலே முழு மதிப்பெண் இல்லை. நடத்தியதில் குறை, முடிவுகளில் முரண்பாடு, வேறு வகை நோயாளரிடம் செய்தது, ஆட்கள் குறைவு, பாதகமான முடிவுகளை வெளியிடாமை ஆகிய ஐந்தும் தரத்தைக் கீழே இறக்கும். குலுக்கல் இல்லாத ஆராய்ச்சியும் விளைவு மிகப் பெரிதாக இருந்தால் மேலே ஏறும். உலகச் சுகாதார நிறுவனமும் இம்முறையைக் கையாள்கிறது. சலோனிகா ஈஸ்ட் சோதனையை இந்தத் தராசில் வைத்தால் என்ன தேறும்? காக்ரேன் தாமே இட்ட மதிப்பெண்தான் தேறும்.

ஆஸ்பிரினின் கதை இதை நன்கு விளக்கும். 1974-இல் காக்ரேனும் அவர்தம் தோழர் பீட்டர் எல்வுட்டும், மாரடைப்பிலிருந்து பிழைத்த 1,239 ஆடவரிடம் நடத்திய சோதனையை வெளியிட்டனர். ஆஸ்பிரின் உண்டோரில் இறப்பு குறைவாகவே இருந்தது. ஆனால் அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டனர், முரசு கொட்டவில்லை. பின்னர்ப் பலர் நடத்திய சோதனைகள் ஒன்றுசேர்ந்தன. 1988 ஆகஸ்டில் 17,187 நோயாளரிடம் நடந்த பெருஞ்சோதனை வெளியாகி, மாரடைப்பு நேரத்தில் ஆஸ்பிரின் உயிர் காக்கும் என்று ஐயமற நாட்டியது. அதே ஆஸ்பிரினை நோய் இல்லாதவர் வருமுன் காக்க உண்ணலாமா? 2022-இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு, 60 வயதைக் கடந்தவர் அதற்காகப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று டி தரம் இட்டது. மருந்து ஒன்றே, நோயாளி வேறு, சான்று வேறு, ஆகவே தரமும் வேறு. இதயத்துக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லும் வாய்மொழியில் இந்த நுட்பம் அடங்குமா?

மறைவும் மரபும்

அந்த ஆகஸ்டைக் காண காக்ரேன் இல்லை. 1988 சூன் 18-ஆம் நாள், தம் 79-ஆம் வயதில் மறைந்தார். மணம் செய்துகொள்ளாதவர், தோட்டத்தையும் ஓவியம் சிற்பம் போன்ற கலைகளையும் விரும்பியவர்.

அவர் நூலைப் படித்து உள்ளம் மாறியவருள் ஒருவர் ஐயன் சால்மர்ஸ். இளமையில் காசாவில் அகதிகளிடையே மருத்துவராக இருந்தவர். தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு முன்கூட்டி நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தரலாகாது என்று கல்லூரியில் கற்றதை அவர் அப்படியே கடைப்பிடித்தார். குழந்தைகள் சிலர் இறந்தனர். அம்மருந்து பயன்படும் என்று காட்டிய சோதனைகள் முன்னரே இருந்தன என்பதைப் பின்னாளில் அறிந்து வருந்தினார். காக்ரேனின் தந்தை மாண்ட அதே மண்ணில் இந்தப் பாடம் கிடைத்தது விந்தையே!

சால்மர்ஸும் தோழர்களும் பேறுகால மருத்துவச் சோதனைகளைத் திரட்டி 1989-இல் பெருநூலாக வெளியிட்டனர். பயன் தருபவை, தரக்கூடியவை, தெரியாதவை, கைவிட வேண்டியவை என்று சிகிச்சைகளை வகுத்து வைத்தனர். அதற்கு முன்னுரை எழுதிய காக்ரேன், தாம் கொடுத்த மரக்கரண்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அத்திரட்டில் ஒரு செய்தி நெஞ்சைச் சுடும். குறைமாதத்தில் பேறு நேரும் தாய்க்கு மலிவான ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு மிகும் என்று 1972-இலேயே ஒரு சோதனை காட்டியிருந்தது. மேலும் பல சோதனைகள் நடந்தன. அவற்றை யாரும் ஒன்றுகூட்டிப் பாராததால், பெரும்பாலான மருத்துவர் அம்மருந்தைத் தரவில்லை. பல்லாயிரம் குழந்தைகள் வீணே துன்புற்றனர்; பலர் இறந்தனர். சான்று இருந்தும் தொகுப்பார் இல்லாமையால் நேர்ந்த கொடுமை இது.

1992-இல் ஆக்ஸ்போர்டில் காக்ரேன் பெயரால் ஒரு நிலையம் திறந்தனர். 1993-இல் அது உலகளாவிய கூட்டுறவாக விரிந்தது. அந்தக் கூட்டுறவின் சின்னத்தில், குழந்தைகளைக் காத்த அந்தச் சோதனைகளின் கோடுகளே பொறிக்கப்பட்டுள்ளன. நம் வேலூரும் அப்பணியில் பங்கு கொண்டது.

நண்பர்களே! நாம் எல்லாரும் மருத்துவர் ஆகப்போவதில்லை. சிலர் பொறியாளர் ஆவோம். சிலர் ஆட்சிப் பணிக்குச் செல்வோம். சிலர் ஆசிரியர் ஆவோம். எந்தத் துறைக்குச் சென்றாலும் அறிவுரை கூறுவார்க்குப் பஞ்சம் இராது. ஒருநாள் நாமும் பிறர்க்கு அறிவுரை கூறுவோம். நம் குரலும் உறுதியாக ஒலிக்கும். அன்று இரண்டு கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். இதற்குச் சான்று என்ன? அந்தச் சான்று எத்தனையாவது படியில் நிற்கிறது? கீழ்ப்படியில் நின்றால் அதை ஒளிக்காமல் சொல்லும் நேர்மை நமக்கு வேண்டும். தெரியாது என்று சொல்வது இழிவு அன்று. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதே இழிவு. அறிவு தீர்ந்துபோகும் இடத்தில் மனிதர் கை நீட்டி அணைத்துக்கொள்ளலாம் என்பதையும் எல்ஸ்டர்ஹோர்ஸ்ட் முகாமின் அந்த இரவு நமக்குச் சொல்லித் தருகிறது.

சான்று கேட்கும் அறிவும், அணைத்துக்கொள்ளும் அன்பும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும். ஆர்ச்சி காக்ரேன் அப்படி வாழ்ந்தார்.